சீரக வெள்ளமும் தொண்ணூறு ராத்தலும்

தம்பி மகள் சென்னையிலிருந்து வரும்போது ஒரு தகர டப்பா வாங்கி வந்தாள். உள்ளே இருபது காகிதப் பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்கும் வால் மாதிரி ஒரு நூல். "அத்தை, எல்லாம் ஹெர்பல் டீ. உங்கள மாதிரி சென்சிட்டிவ் வயித்துக்குன்னே தனியாப் போட்டிருக்கான்" என்றாள். எனக்கு என்ன வயசு, என் வயிற்றுக்கு என்ன வயசு என்று டப்பாக்காரனுக்குத் தெரியாது. ஆனாலும் பிள்ளை ஆசையாக வாங்கி வந்திருக்கிறாளே என்று ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்தேன். புதினா. இஞ்சி. காய்ந்த வைக்கோல் வாசத்தில் ஏதோ ஒரு பூ. கடைசியாக ஒரு பொட்டலம், மூக்கருகே கொண்டுபோவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. சீரகம். லேசாக வறுத்த சீரகம். நான் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனால் மூக்கு நேராகத் தென்காசிப் பக்கத்து மேலகரத்துக்குப் போய்விட்டது.

என் வயிற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்கெல்லாம் வயிறு என்பது போட்டதை வாங்கிக்கொண்டு பேசாமல் வேலை பார்க்கிற உறுப்பு. என்னுடையதற்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. குழம்பில் புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் பேசும். மொச்சை என்றால் கத்தும். காலையில் வெறும் வயிற்றில் காப்பி குடித்தால் பதினோரு மணி வரைக்கும் சண்டை. கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயசு என்பார்களே, அந்த இருபத்தொரு வயசில் எனக்கு ரசஞ்சாதம் செரிக்கவில்லை.

அப்போதுதான் வேலை கிடைத்தது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வாக்கில் இருக்கும். டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டுச் சுரண்டையில் வீட்டோடு இருந்தவளுக்குத் தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இடம். தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது. மேலகரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை நானும் இன்னொரு டீச்சருமாக வாடகைக்கு எடுத்தோம். முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம் இருந்ததால்தான் அப்பா சம்மதித்தார். அந்தப் பின்கட்டுக்கு ஒரு பித்தளைப் பூட்டு இருந்தது. அதன் சாவி என் இடுப்பில். இதை உங்களிடம் எப்படிச் சொல்வேன்? அதுவரை என் கையில் யாரும் ஒரு சாவியையும் கொடுத்ததில்லை. எங்கள் வீட்டில் அரிசிப் பெட்டிச் சாவிகூட அம்மாவிடம் கிடையாது, அப்பாவிடம்தான். அந்தச் சாவி இடுப்பில் உறுத்திக்கொண்டே இருக்கும். அந்த உறுத்தல் எனக்குப் பிடித்திருந்தது.

வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆவதற்குள் வயிற்று வலியில் மூன்று நாள் படுத்துவிட்டேன். தகவல் போய் அப்பா வந்தார். தென்காசியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் வயிற்றை நாலு இடத்தில் அமுக்கிப் பார்த்துவிட்டு, "வேற கோளாறு ஒண்ணும் இல்ல. காப்பி, டீ ரெண்டையும் விட்டுருங்க. மத்தபடி எது வேணும்னாலும் குடிக்கலாம்" என்றார். அந்த 'எது வேணும்னாலும்' தான் என்னைக் கவிழ்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டாக்டர் சொன்னது அப்பாவுக்குப் போதவில்லை. அவர் மிளகாய் வத்தல் வாங்கி விற்கிற வியாபாரி. மூட்டையின் எடையை ஆள் வாயால் சொன்னால் நம்ப மாட்டார், தராசு சொன்னால் நம்புவார். என்னை நேராக ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் அங்கிருந்த எடை மெஷினில் ஏற்றினார். ஆள் உயரத்துக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்த மெஷின். காசு போட்டால் உள்ளே சக்கரம் சுற்றி, விளக்கு மினுக்கி, கடக்கென்று ஓர் அட்டைச் சீட்டு வந்து விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் உங்கள் குணம். அன்றைய சீட்டில், நான் பிறரை எளிதில் மகிழ்விப்பவள் என்று இருந்தது. எடை எண்பத்தாறு ராத்தல், இப்போதைய கணக்கில் நாற்பது கிலோகூட இல்லை.

அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகிழவில்லை.

"இங்கன பாருட்டி. ஆவணி முடியதுக்குள்ள தொண்ணூறு வரணும். வரலைன்னா பெட்டியக் கட்டிட்டு வீட்டுக்கு வந்துரு. வேலை பாத்துக் கிழிச்சது போதும்."

"வந்துரும்ப்பா."

"நீ சொல்லாத. மெஷினு சொல்லட்டும்."

வீட்டுக்குப் போவதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என்னைப் பெண் கேட்டு ஏற்கெனவே இரண்டு இடத்திலிருந்து ஆள் வந்துபோயிருந்தார்கள். போனால் சாவி போய்விடும். நான் போவதாக இல்லை.

டாக்டர் சொன்னபடி காப்பியை அன்றே விட்டேன். விட்டுவிட்டு என்ன குடித்தேன் தெரியுமா? சுக்குக் காப்பி. எங்கள் பக்கத்தில் டம்ளரில் ஆவி பறக்க வந்தால் அது காப்பிதான். மல்லிக் காப்பி, கருப்பட்டிக் காப்பி, சுக்குக் காப்பி. டாக்டர் எந்தக் காப்பியைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். சுக்கு அதில் சேராது, அது மருந்து என்று நானாக முடிவு கட்டினேன். சுக்கைத் தட்டி, மிளகைத் தட்டி, கருப்பட்டி போட்டு, கொதிக்கக் கொதிக்க மூன்று வேளை. நெஞ்சிலிருந்து தொப்புள் வரைக்கும் எரிந்தது. எரிய எரிய, மருந்து நன்றாக வேலை பார்க்கிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் மிளகு சேர்த்தேன். படித்த டீச்சர் நான்.

கூட இருந்த டீச்சரைப் பற்றிச் சொல்லவில்லையே. பார்வதி. செங்கோட்டைக்காரி. செங்கோட்டை இரண்டு வருடத்துக்கு முன்புவரை திருவிதாங்கூரில் இருந்த ஊர். அவள் தமிழ் பேசினால் நாலு வார்த்தைக்கு ஒன்று மலையாளத்தில் வரும். தண்ணீர் என்று அவள் வாயில் வராது, வெள்ளம்தான். முதல் நாள், "டீச்சர், குளிக்கான் வெள்ளம் வந்தாச்சு" என்று அவள் சொன்னபோது நான் வாசலுக்கு ஓடிப்போய்த் தெருவைப் பார்த்தேன். நமக்கு வெள்ளம் என்றால் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வருவது. அவளுக்கு அது அண்டாவில் இருப்பது.

சுக்கு கைவிட்ட பிறகு குற்றாலத்துக்குப் போனேன். சீசன் தொடங்கிவிட்டிருந்தது. அருவிக்குப் போகிற வழியில் சாக்கை விரித்து வேரும் பட்டையும் பொடியும் குவித்து வைத்திருக்கும் கடைகள். ஓர் அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"டீச்சரம்மா, வயிறுதான? இந்தப் பொடியில பதினெட்டு மூலிகை இருக்கு. அம்புட்டும் மலையில உள்ளது. வெந்நியில ஒரு கரண்டி கலக்கிக் குடிங்க. வயித்துல ஒரு அழுக்கு தங்காது."

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று வாங்கிவந்து, ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டியாகக் கலக்கி, திங்கட்கிழமை காலையில் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். அண்ணாச்சி பொய் சொல்லவில்லை. அழுக்கு தங்கவில்லை, வேறு எதுவும் தங்கவில்லை. ஐந்தாம் வகுப்பில் வகுத்தல் கணக்கை போர்டில் பாதி எழுதியபடி ஓடியவள், அன்றைக்கு அந்தக் கணக்கை முடிக்கவே இல்லை. பின்னாளில் அவரிடம் அதில் என்னதான் இருந்தது என்று கேட்டேன். "நிலாவாரைதாம்மா அதுல ராசா" என்றார் பெருமையாக. மலச்சிக்கல்காரனுக்கு அது ராசாதான். எனக்கு எமன்.

ஞாயிற்றுக்கிழமை நானே தனியாக ஸ்டேஷனுக்குப் போய் மெஷினில் ஏறினேன். எண்பத்துநாலு. மறுபக்கம், பொறுமை உங்கள் அணிகலன் என்று போட்டிருந்தான். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். செங்கோட்டை வண்டி வந்து நின்று போனது, நான் அழுதுகொண்டிருந்தேன். எனக்கு ஒரு வழக்கம் உண்டு, அழுது முடித்ததும் கோபம் வந்துவிடும். கோபம் வந்தால் மூளை கொஞ்சம் வேலை செய்யும். இத்தனை நாளாக நான் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் குடித்துக்கொண்டிருக்கிறேன், என் வயிற்றை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றிலிருந்து கேட்க ஆரம்பித்தேன். ஒரு நேரத்தில் ஒரு சரக்குதான். நாலு நாள் அது மட்டும். ஒரு செம்புத் தண்ணீருக்குக் கால் கரண்டிக்கு மேல் கிடையாது. கருப்பட்டி கிடையாது, இனிப்புச் சேர்ந்தால் வயிறு உப்பியது எதனால் என்று தெரியாமல் போகும். கொதிக்கக் குடிக்கக்கூடாது, விரல் பொறுக்கிற சூடு. வெறும் வயிற்றில் கூடாது. பள்ளிக்கூடத்து நாட்காட்டியில் நல்லது என்றால் ஒரு புள்ளி, கெட்டது என்றால் ஒரு பெருக்கல் குறி. தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு இது என்ன, விரதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

புதினாவை ரொம்ப நம்பினேன். வாசனைக்கே வயிறு ஆறும்போல இருந்தது. ஆனால் குடித்த அரை மணியில் புளித்த ஏப்பம் தொண்டைக்கு ஏறியது. படுத்தால் இன்னும் மோசம். நாலு நாளும் பெருக்கல் குறி. துளசி என்னை ஒன்றும் செய்யவில்லை, நல்லதும் செய்யவில்லை. பச்சை இஞ்சி நகக்கண் அளவு சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் சரி, அதற்கு மேல் போனால் பழைய சுக்கின் தங்கை என்று காட்டிவிடும். ஓமம் வயிறு உப்பிக் கிடக்கிற அன்றைக்கு மட்டும் கூப்பிட வேண்டிய ஆள், தினமும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. மல்லி நல்லது. சாதுவானது. இரண்டு புள்ளி, மூன்று புள்ளி என்று வந்தது. ஆனால் அதைக் குடிக்கும்போதெல்லாம் யாரோ ரசம் வைக்க ஆரம்பித்துப் பாதியில் எழுந்து போய்விட்ட மாதிரி ஒரு குறை.

இவ்வளவு ஆராய்ச்சிக்கும் நடுவில், எங்கள் அடுப்படி மூலையில் ஒரு பானை எப்போதும் இருந்தது. அதில் வெளிறிய பழுப்பு நிறத்தில் தண்ணீர். பார்வதி தினமும் காலையில் காய்ச்சி வைப்பாள், தாகத்துக்கு அதைத்தான் குடிப்பாள். பானை கழுவாமல் ஊற்றி வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் அதைத் தொடவில்லை. எனக்காக வெறும் தண்ணீர் தனியாகக் குடத்தில்.

ஒருநாள் மழையில் நனைந்து வந்தேன். குடத்தில் பொட்டுத் தண்ணீர் இல்லை. பானையில் இருந்ததை ஒரு டம்ளர் எடுத்துக் குடித்தேன். இளஞ்சூடு. லேசான வாசம். இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி ஒரு ருசி. இன்னொரு டம்ளர் குடித்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் குடித்தேன். மறுநாள் விடிந்தபோதுதான் கவனித்தேன், வயிறு ஒன்றுமே பேசவில்லை. அது பேசாமல் இருந்து நான் கேட்டதே இல்லை.

"பார்வதி, இது என்னது?"

"சீரக வெள்ளம். எங்க வீட்டுல பச்சைப் பிள்ளைக்கும் கொடுப்போமே."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"மருந்து வேணும்னுல்லா டீச்சர் தேடினீங்க? இது மருந்தில்ல, குடிக்கிற வெள்ளம்."

எனக்குச் சிரிப்பதா அவளை அடிப்பதா என்று தெரியவில்லை. எப்படிச் செய்கிறாய் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். வெறும் சட்டியில் சீரகத்தை நிறம் மாறுவதற்குள் ஒரு புரட்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி இறக்கிவிட வேண்டும். நான் கை நிறைய அள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். "ஒரு நுள்ளு மதி, டீச்சர்." நுள்ளு என்றால் கிள்ளு. மதி என்றால் போதும். என் வயிறு அத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த வார்த்தையைத்தான், எனக்குத்தான் மலையாளம் தெரியவில்லை.

நாட்காட்டியில் புள்ளியாக விழுந்தது. பசித்தது. சோறு இறங்கியது. எண்பத்தாறு, எண்பத்தேழு. ஆவணி கடைசிச் சனிக்கிழமை அப்பா வருவதாகக் கடுதாசி. அதற்கு முந்தின ஞாயிறு ஏறிப் பார்த்தேன், எண்பத்தெட்டு. ஆறு நாளில் இரண்டு ராத்தலை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்?

அந்த வருடம் சாரல் ஆவணியிலும் விடவில்லை. காலையிலேயே வந்துவிட்ட அப்பா, முதலில் குற்றாலத்தில் ஒரு குளியல், பிறகு ஸ்டேஷன் என்றார். நானும் பார்வதியும் கூடப் போனோம். நான் குளித்துவிட்டு வேறு சேலை மாற்றிக்கொண்டு பெண்கள் பக்கத்துப் படியில் நின்றேன். அப்பா ஆண்கள் பக்கம் இடுப்புத் துண்டோடு உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பார்வதி எனக்காகத் தூக்குவாளியில் கொண்டுவந்ததைக் கடையில் சூடு பண்ணப் போயிருந்தாள். அருவி இரைச்சலில் எனக்குக் கேட்காதோ என்று மேல்படியில் நின்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"டீச்சரே! வெள்ளம்! வெள்ளம் வந்தாச்சு!"

அருவிக்கரையில் அந்த வார்த்தையைக் கத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலைமேல் மழை பெய்து தண்ணீர் திடீரென்று பெருகினால், நின்றவன் நின்ற இடத்தில் இருக்க மாட்டான். ஒரே நொடியில் அருவி காலி. துண்டை விட்டவர்கள், செருப்பை விட்டவர்கள், பிள்ளையை இடுப்பில் இடுக்கியவர்கள், எல்லாரும் மேலே ஏறி ஓடினார்கள். போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடினார். எங்கள் அப்பா, பாதி உடம்பில் எண்ணெயும் பாதி உடம்பில் எண்ணெய் இல்லாமலும், என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே எதிர்த்திசையில் பெண்கள் பக்கம் ஓடிவந்தார். நான் அதே படியில் நின்று, பார்வதி இறங்கி வந்து கொடுத்துவிட்டுப் போன சீரக வெள்ளத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி! எல்லாரும் ஓடுதான், நீ நின்னு என்னத்தக் குடிச்சிட்டு இருக்க?"

"இதாம்ப்பா வெள்ளம்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. மேலே போலீஸ்காரரிடம் பார்வதி, "வெள்ளம்னா வெள்ளந்தானே சார்" என்று மன்றாடிக்கொண்டிருந்தாள். அப்பா தூக்குவாளியை வாங்கி மடமடவென்று இரண்டு டம்ளர் குடித்தார். "இதுக்கா இந்தப் பாடு?" என்றார்.

பஸ் மேலகரத்தில் நின்றபோது பார்வதி இறங்கினாள். இறங்கும்போது என் காதில், "தலையத் துவட்டாதீங்க டீச்சர். வெள்ளத்துக்கும் எடை உண்டு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. துவட்டவில்லை. தென்காசியில் இறங்கி ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சாரல் பிடித்தது. அப்பா குடை விரித்தார். நான் குடைக்குள் வராமல் பராக்குப் பார்ப்பதுபோல நாலடி தள்ளியே நடந்தேன். "குடைக்குள்ள வாட்டி" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. அன்று நான் கட்டியிருந்தது முரட்டு நூல் சேலை. அது எவ்வளவு குடிக்க முடியுமோ அவ்வளவும் குடிக்கட்டும் என்று விட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் பயம் வெட்கத்தைவிடப் பெரியதாக இருந்தது. இடுப்புச் சாவியைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன்.

ஏறி நின்றேன். காசு விழுந்தது, சக்கரம் சுற்றியது, கடக். அப்பா சீட்டை எடுத்தார். தொண்ணூற்றொன்று.

அவர் சீட்டைப் பார்த்தார். பிறகு குனிந்து என் காலடியைப் பார்த்தார். சேலை விளிம்பிலிருந்தும் பின்னல் நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டிச் சொட்டி, மெஷின் தட்டிலிருந்து வழிந்து பிளாட்பாரத்தில் ஒரு சிறு ஓடையாகப் போய்க்கொண்டிருந்தது. ஈர வத்தல் மூட்டையைக் கொண்டுவந்து எடை போடுகிறவர்கள் எத்தனை பேரை அவர் திருப்பி அனுப்பியிருப்பார். நான் தலையைத் தூக்கவில்லை.

"மெஷினு ஒழுகுது போலுக்கு" என்றார் அப்பா.

சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"திங்கக்கெழம பள்ளிக்கூடம் உண்டும்லா?"

"உண்டும்ப்பா."

"போ. போயித் தலையத் துவட்டு. சளி புடிச்சிரப் போவுது."

குடையை என் கையில் கொடுத்துவிட்டு, அவர் நனைந்துகொண்டே பஸ்ஸுக்கு நடந்தார். நான் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

அதற்குப் பிறகு அப்பா என்னை எந்த மெஷினிலும் ஏற்றவில்லை. பார்க்க வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்: "வெள்ளம் குடிச்சியாட்டி?" சுரண்டையில் அந்த வார்த்தையை அந்த அர்த்தத்தில் சொன்ன ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். கடுதாசியின் கடைசி வரியும் அதுதான். படுக்கையில் விழுந்த பிறகு, நான்தான் அவருக்கு டம்ளரில் ஆற்றிக் கொடுத்தேன்.

அந்தச் சிவப்பு மெஷின் இப்போது ஸ்டேஷனில் இல்லை. மேலகரத்து வீட்டை இடித்துவிட்டார்கள். பார்வதி போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. தம்பி மகள் அந்தச் சீரகப் பொட்டலத்தைக் கொதிக்கிற தண்ணீரில் ரொம்ப நேரம் முக்கி வைத்திருந்தாள். கறுத்துவிட்டது. "ஒரு நுள்ளு மதி" என்றேன். "என்ன அத்தை?" என்றாள். அதில் பாதியைக் கொட்டி, வெந்நீர் சேர்த்து, விரல் பொறுக்கிற சூட்டில் குடித்தேன். நல்ல பிள்ளை, சாயங்காலம் மறக்காமல் கேட்டாள்: "டீ குடிச்சீங்களா, அத்தை?"

குடித்தேன் என்றேன். வெள்ளம் குடிச்சியாட்டி என்று கேட்கத்தான் ஆள் இல்லை.